தர்பூசணியும் கிர்ணியும்: வாங்கும்போது ஒரு தட்டு, வெட்டும் முன் ஒரு கழுவு!

மாசி முடிவதற்குள்ளேயே அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று எங்கே பார்த்தாலும் ரோட்டோரத்தில் தர்பூசணி மலைபோல் குவிந்துவிடும். பக்கத்திலேயே கிர்ணி. அதிர்ஷ்டம் இருந்தால் வெடித்த வெள்ளரிப்பழமும் கிடைக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீராக இருக்கும் இந்தப் பழங்கள் கோடைக்கென்றே இயற்கை கொடுத்த வரம்.

ஆனால், 'பழம்தான் சாப்பிட்டோம் டாக்டர், ராத்திரி பூரா வாந்தி, பேதி' என்று வருகிறவர்களும் இதே சீஸனில்தான் அதிகம். பெரும்பாலும் குற்றம் பழத்தின் மேல் இல்லை. அது வெட்டப்பட்ட விதத்திலும், வெட்டியபின் காத்திருந்த நேரத்திலும்தான் இருக்கிறது.

எப்படிப் பார்த்து வாங்குவது?

தர்பூசணியைத் திருப்பிப் பாருங்கள். கொடியில் கிடந்தபோது தரையில் பட்ட இடம் வெண்ணெய் போல மஞ்சளாக இருந்தால் நன்கு விளைந்தது. வெளுப்பாகவோ, பச்சையாகவோ இருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. பறித்தபின் தர்பூசணி இனிப்பு ஏறாது. வீட்டில் வைத்தால் பழுத்துவிடும் என்று காயை வாங்கி வராதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களில் கையில் கனக்கிற பழம்தான் சாறுள்ளது. தட்டினால் 'தொம்' என்று ஆழமாகக் கேட்க வேண்டும்.

கிர்ணிக்குக் காது வேண்டாம், மூக்கு போதும். காம்புக்கு எதிர்ப்புறம் முகர்ந்தால் வாசனை வர வேண்டும். லேசாக அழுத்தினால் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். புளித்த வாடை அடித்தால் வேண்டாம். வெள்ளரிப்பழம் வெடித்த அன்றே காலியாக வேண்டிய சரக்கு. வெடிப்பில் ஈயும் தூசும் உட்காராததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஊசி போட்ட பழமா?

2025 கோடையில் 'தர்பூசணிக்குச் சாய ஊசி போடுகிறார்கள்' என்ற பயம் சென்னையில் பரவியது. விற்பனை படுத்து, விழுப்புரம், செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகள் கொதித்துப் போனார்கள். பழத்தைப் பயப்படாமல் சாப்பிடலாம் என்று பிறகு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. கொஞ்சம் யோசியுங்கள். ஊசி குத்திய துளை வழியே கிருமி நுழைந்து, வெயிலில் பழம் சீக்கிரமே புளித்துவிடும். சாயமும் ஒரே சீராகப் பரவாது. தர்பூசணியின் சிவப்பு 'லைகோபீன்' என்ற இயற்கை நிறமி. அது தண்ணீரில் கரையாது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கலங்கலாக லேசாக நிறம் மாறினால் அது சாறு. தண்ணீர் தெளிவான அடர் சிவப்பாக மாறினால் மட்டும் ஒதுக்குங்கள்.

உண்மையான ஆபத்து தோலில்!

மண்ணில் கிடந்து, லாரியில் புரண்டு, பல கை மாறி வந்த பழம் அது. கழுவாமல் வெட்டினால் தோலில் உள்ள கிருமியைக் கத்தியே உள்ளே கொண்டு போய்விடும். கிர்ணியின் வலைப்பின்னல் தோலில் அழுக்கு இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். 2011-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பண்ணையிலிருந்து வந்த கிர்ணி இனப் பழத்தால் 'லிஸ்டீரியா' கிருமி பரவி 147 பேர் நோயுற்றார்கள். 33 பேர் இறந்தார்கள். இந்தக் கிருமி ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் மிகவும் ஆபத்தானது.

அதனால், பழத்தைக் குழாய்த் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, பிறகு வெட்டுங்கள். மீன், கறி நறுக்கிய பலகையும் கத்தியும் பக்கத்தில் வரக் கூடாது. ரோட்டோரத்தில் ஐஸ் மேல் அடுக்கிய கீற்றுகளைவிட முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுவதே மேல்.

எங்கே வைப்பது?

முழுத் தர்பூசணியை ஃப்ரிட்ஜில் திணிக்க வேண்டாம். நிழலான, காற்றோட்டமான தரையில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். முழுப் பழங்களை 14 நாள் வைத்துப் பார்த்த அமெரிக்க வேளாண் துறை ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. 5 டிகிரி குளிரில் இருந்தவற்றைவிட 21 டிகிரியில் இருந்தவற்றில் லைகோபீன் அதிகம் இருந்தது. வாழை, ஆப்பிள், கிர்ணி பக்கத்தில் தர்பூசணியை வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு அதைக் குழையச் செய்யும். கிர்ணி பழுத்துவிட்டால் ஃப்ரிட்ஜுக்குப் போகலாம்.

வெட்டிய பழத்துக்கு வேறு சட்டம். நம்மூர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வேண்டாம். மூடி போட்ட பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடியுங்கள். நீண்ட கரண்ட் கட் ஆகி குளிர் விட்டுப் போயிருந்தால், வழவழப்போ புளிப்போ தெரியாவிட்டாலும் கொட்டிவிடுங்கள். முப்பது ரூபாய்ப் பழத்தை மிச்சப்படுத்தப் போய் முந்நூறு ரூபாய் மருந்து வாங்க வேண்டாமே!

யாருக்கு அளவு?

சூட்டைத் தணித்து நீரைத் தாராளமாகப் பிரியச் செய்பவை என்பது சித்த மருத்துவம் இவற்றுக்குத் தரும் குணம். பித்த உடம்புக்கு ஏற்றவை. சளி, இழுப்பு உள்ளவர்கள் இரவில் தவிர்க்கலாம். சர்க்கரை நோயாளிகள் ஜூஸாக வேண்டாம், ஒரு சிறு கிண்ணம் துண்டுகள் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கிர்ணியில் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அது இதயத்தையே பாதிக்கும்.

மற்றவர்கள் முற்பகலில், சாப்பாட்டோடு சேர்க்காமல், தனியாகச் சாப்பிடுங்கள். வெயில் தன்னால் தணியும்!