பாலில் வெந்த உருளைக்கிழங்கு



திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ் இல்லங்களில் மாலை வேளையில் ஒரு வழக்கு எழுவதுண்டு. தோழர் வீட்டில் உண்ட மேல்நாட்டுப் பதார்த்தத்தைப் பிள்ளைகள் கேட்பர். ‘நம் வீட்டுச் சமையல் மறந்துபோகுமோ?’ என்று பாட்டிமார் அஞ்சுவர். நடுவே நின்று தவிப்பவள் தாய். இவ்வழக்கிற்கு உருளைக்கிழங்கையே சாட்சியாக அழைப்போம்.

உருளைக்கிழங்கு நம் நாட்டில் பிறந்ததன்று. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் தோன்றிக் கடல் கடந்து வந்தது. இவ்வூரார் மரச்சீனி என்று வழங்கும் மரவள்ளியும் அக்கண்டத்தையே சேர்ந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அதனைப் பயிரிடுமாறு குடிகளை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா அரிசி வரவு நின்றபோது, ஏழை மக்களின் பசியைத் தணித்தது அக்கிழங்கே. அந்நியமாய் வந்தது அன்னமாய் நிலைத்தது. நம் சாம்பாரோ எங்கும் போய்விடவில்லை.

பிள்ளைகள் கேட்கும் பதார்த்தங்களுள் ஒன்று ‘கிராட்டன்’. பிரான்சின் தென்கிழக்கிலுள்ள தோஃபினே நாட்டில் புகழ்பெற்றது. 1788-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், காப் நகரில் நடந்த ஒரு விருந்தில் இது பரிமாறப்பட்டதாகக் குறிப்பு உண்டு. சுரண்டுதல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தின்ற நமக்கு அச்சுவை புதிதன்று.

இதன் பக்குவமும் புதிதன்று. ஆப்பத்திற்கு இஷ்டு வைக்கக் கற்ற நாம், தேங்காய்ப்பால் திரியாமல் தணலைத் தணிக்க அறிவோம். இரண்டு கிழங்குத் துண்டுகளை மசித்தால் குழம்பு தடிப்பதையும் அறிவோம். அவ்விரு அறிவே இங்கும் வேண்டுவது.

நால்வருக்குத் தேவையானவை: உருளைக்கிழங்கு 500 கிராம், கொழுப்பு நீக்காத பால் 250 மில்லி, பாலேடு 100 மில்லி, பூண்டு 2 பல், மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய்த்தூள் ஒரு சிட்டிகை, வெண்ணெய் 2 தேக்கரண்டி, ரொட்டித்தூள் 2 மேசைக்கரண்டி, உப்பு அளவாக. முளைத்ததும் பச்சை படர்ந்ததுமான கிழங்கு நஞ்சுடையது, அதனை விலக்குக.

கிழங்கைக் கழுவித் தோல் சீவி, 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனமுள்ள வில்லைகளாக அரிக. அரிந்தபின் நீரில் இடலாகாது. நிறம் கறுக்காதிருக்க நாம் அவ்வாறு செய்வது வழக்கமே. ஆயினும் பாலைக் கெட்டியாக்கும் மாவு அந்நீரோடு போய்விடும். ஆகவே சமைக்கும் நேரத்திலேயே அரிக.

அடிகனமான பாத்திரத்தில் பால், பாலேடு, நசுக்கிய பூண்டு, உப்பு, மிளகு, சாதிக்காய் ஆகியவற்றைச் சூடாக்கி, வில்லைகளை இடுக. கொதி மிகுந்தால் பால் திரியும். சிறுதீயில் அவ்வப்போது மெல்லக் கிளறி, 15 முதல் 20 நிமிடம் வேகவிடுக. கத்தி நுனி எளிதில் இறங்கினால் பதம்.

அடுப்புப் பெட்டி உள்ளவர்கள், வெண்ணெய் தடவிய தட்டில் இதனைப் பரப்பி, மேலே ரொட்டித்தூள் தூவி, 220 பாகை வெப்பத்தில் மேற்புறம் பொன்னிறமாகும்வரை 15 நிமிடம் வைக்கலாம். இல்லாதவர் வருந்த வேண்டா. நன்கு பழகிய இருப்புச்சட்டியில் வெண்ணெய் தடவி, ரொட்டித்தூளைத் தூவி, கலவையைப் பரப்பிச் சிறுதீயில் கிளறாமல் 10 நிமிடம் வைக்கவும். இறக்கி 5 நிமிடம் ஆறவிட்டு, தட்டில் கவிழ்த்தால் சிவந்த காந்தல் மேலே நிற்கும்.

முதற்கரண்டியைப் பாட்டிக்கே பரிமாறுங்கள். பக்கத்தில் ரசமும் இருக்கட்டும். நம் கையால் சமைத்து நம்மவரோடு பகிர்ந்து உண்பது எந்நாட்டுப் பண்டமாயினும் நம் வீட்டுச் சமையலே ஆகும்.