தள்ளாடும் நடையைக் கவனிப்போம்

விழுப்புரம், திண்டிவனம் கடைகளில் எளிதில் கிடைக்கும் பெயின்ட் தின்னர், ஒட்டும் பசை பலவற்றில் டொலுவீன் என்னும் கரைப்பான் உண்டு. முகரப்படும் அதன் ஆவி நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து விரைவில் மூளையை அடைகிறது. தொடர்ந்து முகர்ந்தால் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறை சிதைகிறது. உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையும் பாதிக்கப்படுவதால் நடை தள்ளாடும், கை நடுங்கும், பேச்சு குழறும்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் 2019 ஆய்வறிக்கைப்படி, பெரியவர்களைவிடச் சிறாரிடம் அதிகம் காணப்படும் ஒரே போதைப்பொருள் வகை இதுவே.

கையெழுத்து கோணினாலோ, உடற்கல்வி வேளையில் ஒற்றைக்காலில் நிற்கத் தடுமாறினாலோ, உடையில் தின்னர் வாடை வீசினாலோ தனியே அழைத்துப் பேசுவோம். முகரும் மாணவரை அதட்டவோ துரத்தவோ வேண்டாம். அதிர்ச்சியில் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். அமைதியாகக் காற்றோட்டமான இடத்தில் அமர்த்தி, 108-ஐ அழைப்போம். தொடர் உதவிக்கு 1098, 14446 உள்ளன.