ஓடிய தூரம் மட்டும் போதுமா?

சுங்கை பெசாரில் இரண்டு மகிழுந்துகள் ஒரே நாளில் வாங்கப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, நாள்தோறும் கூட்டரசுச் சாலை 5 வழியாகக் கிள்ளானுக்குச் சென்று திரும்புகிறது. மற்றொன்று, செம்பனைத் தோட்டத்து வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைக்கு வேலைக்குப் போய் வருவதோடு சரி. எதற்கு அதிகக் கவனிப்புத் தேவை? பலரும் முதல் மகிழுந்தையே சுட்டுவர். வாகனத்தோடு வரும் பராமரிப்புக் கையேடோ, குறுந்தூர ஓட்டத்தையும் புழுதிச் சாலையையும் ‘கடுமையான பயன்பாடு’ என்ற பிரிவில் சேர்க்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். இயந்திரம் நன்கு சூடேறாத நிலையில் அந்த நீராவி குளிர்ந்து, பட்டறையில் ‘மினியாக் ஈத்தாம்’ எனப்படும் மசகு எண்ணெயில் கலந்துவிடும். நெடுந்தூரம் ஓடும் வாகனத்தில் எண்ணெய் சூடேறி, அந்நீர் மீண்டும் ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும் வாகனத்தில் அதற்கு நேரமேது? நம் நாடு வெப்பநாடுதானே என்று அலட்சியமாக இருப்பதற்கில்லை. நீர் கலந்த எண்ணெய், உறுப்புகளைத் தேய்மானத்திலிருந்து காக்கும் ஆற்றலை மெல்ல இழக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால்காப்பி நிறத்தில் பசை படிந்திருந்தால், உடனே பட்டறையில் காட்டுவது நல்லது.

புழுதி இன்னொரு சிக்கல். நெல் அறுவடைக் காலத்தில் வயலோரச் சாலைகளில் தூசும் பதரும் பறக்கும். தோட்டத்து மண்சாலையில் மழையில்லா நாள்களில் சொல்லவே வேண்டாம். இவை காற்று வடிகட்டியை அடைத்துவிட்டால் இயந்திரத்தின் இழுவிசை குறையும். ஆகவே, வடிகட்டியை வழக்கத்தைவிட அடிக்கடி சோதிக்க வேண்டும். குழிகளில் ஏறி இறங்கும் வாகனத்திற்கு அதிர்வு தாங்கிகளையும் டயர்களையும் பார்த்தாக வேண்டும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டால் மாற்றியே தீர வேண்டும். கடலோரம் என்பதால், உப்புக்காற்றில் துருப்பிடிக்காதிருக்க வாகனத்தின் அடிப்பகுதியையும் கழுவ வேண்டும்.

நகரவாசிகளும் தப்பவில்லை. கோலாலம்பூர் நெரிசலில் வாகனம் நின்றாலும் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும். தூரம் காட்டும் எண் மட்டும் நகராது.

பராமரிப்பு முடிந்ததும் பட்டறையில் ஒட்டித் தரும் சிறு ஒட்டுத்தாளில் இரண்டு விவரங்கள் இருக்கும்: அடுத்த பராமரிப்புக்கான கிலோமீட்டர், தேதி. ‘10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம்’ என்றால், எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. கடுமையான பயன்பாட்டிற்கு இந்த இடைவெளியும் குறையும். நாளொன்றுக்கு 6 கிலோமீட்டர் மட்டும் ஓடும் மகிழுந்து 10,000 கிலோமீட்டரை எட்ட நான்கரை ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை பழைய எண்ணெயுடனே ஓடும் வாகனத்தை நம்பித்தான், பேருந்து வராத நள்ளிரவில், தோட்டத்திலிருந்து நோயாளியைத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும்.