பகலில் எரியும் விளக்கு இரவுக்கு மிஞ்சுமா?

பட்டப்பகலில் முகப்பு விளக்கு எரிய ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. எதிரே வருபவர் விரல்களை மூடித் திறந்து, "விளக்கு எரிகிறது, அணையுங்கள்" என்று சைகை காட்டுகிறார். ஓட்டுபவர் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார். இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் தயாராகும் இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடினாலே விளக்கும் எரியவேண்டும் என்பது விதி. எனவே அவர் நினைத்தாலும் அணைக்க முடியாது.

கார்களில் இந்தப் பழக்கம் வட ஐரோப்பாவில் வேரூன்றியது. குளிர்காலத்தில் அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகரும். நண்பகலும் அந்தி போல் மங்கியிருக்கும். எதிரே வரும் கார் எளிதில் கண்ணில் படாது. எனவே 1972-ல் பின்லாந்து, குளிர்காலத்தில் ஊர்ப்புறச் சாலைகளில் பகலிலும் விளக்கு எரியவேண்டும் என்றது. 1977-ல் சுவீடன் அதை ஆண்டு முழுவதற்கும் விதியாக்கியது. கனடாவில் 1989 டிசம்பர் முதல் தயாரான புதிய கார்களுக்கும் இவ்விதி வந்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரவில் வழிகாட்டவேண்டிய பல்பைப் பகலிலும் எரித்தால் அது சீக்கிரம் தீர்ந்துவிடாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பல்பு 500 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரவில் 1 மணி நேரம் எரிந்தால் 500 நாள் வரும். பகலிலும் ஒன்றரை மணி நேரம் எரிந்தால் 200 நாளில் தீர்ந்துவிடும்!

இழை ஏன் அறுகிறது?

ஹாலஜன் பல்பில் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 3,000 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டங்ஸ்டன் சிறிது சிறிதாக ஆவியாகும். இழையில் ஓரிடம் சற்று மெலிந்தால் அங்கே மின்தடை கூடும், சூடும் கூடும், ஆவியாதல் இன்னும் விரைவாகும். கடைசியில் இழை அங்கேயே அறுந்துவிடும்.

பழைய பல்புகளில் ஆவியான டங்ஸ்டன் கண்ணாடியில் கரியாகப் படிந்தது. ஹாலஜன் பல்பிலோ சிறிதளவு அயோடின் அல்லது புரோமின் இருக்கிறது. அது டங்ஸ்டன் ஆவியோடு சேர்ந்து, அதை மீண்டும் இழையின் பக்கம் கொண்டுசேர்க்கிறது. இந்தச் சுழற்சி நடக்கப் பல்பின் சுவர் ஏறக்குறைய 250 டிகிரிக்கு மேல் சூடாயிருக்க வேண்டும். ஆனால் மெலிந்த இடத்திலேயே டங்ஸ்டன் திரும்பப் படிவதில்லை. ஆகவே ஹாலஜன் பல்புக்கும் ஆயுள் உண்டு.

பாதி மின்னழுத்தம்

கனடாவில் விற்பனையான சில கார்களில் பொறியாளர்கள் ஓர் எளிய உபாயம் செய்தார்கள். பகலில் மட்டும், இரு பக்கத்து தூர ஒளி இழைகளையும் தொடரிணைப்பில் சேர்த்துவிட்டார்கள். 12 வோல்ட் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ட் கிடைத்தது.

60 வாட் பல்பு இப்போது எத்தனை வாட் எடுக்கும்? "மின்னழுத்தம் பாதி, எனவே திறன் கால் பங்கு; 15 வாட்" என்பீர்கள். உண்மையில் ஏறக்குறைய 20 வாட் எடுக்கும்! சூடு குறைந்த இழையின் மின்தடையும் குறைந்துவிடுவதே காரணம். ஒளியோ பத்தில் ஒரு பங்காகிவிடும். சாலையைக் காண அது போதாது; பிறர் காரைக் காணப் போதும்.

ஆயுள் என்னாகும்? மின்னழுத்தத்தை 5 சதவீதம் குறைத்தாலே ஆயுள் சுமார் இரட்டிப்பாகும். பாதியாகக் குறைத்தால் ஆவியாதல் ஏறத்தாழ நின்றேவிடும். "சுவர் குளிர்ந்து ஹாலஜன் சுழற்சியும் நின்றுவிடுமே, பல்பு கறுக்காதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. துடைக்கும் ஆள் வரவில்லைதான். ஆனால் துடைக்க அழுக்கும் இல்லை!

தொடரிணைப்பில் ஒரு குறையும் உண்டு. திருவிழா சீரியல் விளக்குப் போல, ஒரு பல்பு போனால் பகலில் இரண்டுமே அணைந்துவிடும்.

பராமரிப்பு

முழு மின்னழுத்தத்தில் பகலிலும் எரியும் பல்பு போனால் வெயிலில் ஓட்டுபவருக்குத் தெரியாது. இருட்டிய பிறகே தெரியும். அதற்குள் ஒற்றை விளக்குக் காரை மோட்டார் சைக்கிள் என்று எதிரே வருபவர் எண்ணிவிடலாம். எனவே வாரம் ஒருமுறை காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி இரு விளக்கையும் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே அளவு எரிந்தவை. ஒன்று போனால் மற்றதையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெயும் உப்பும் சூட்டில் குவார்ட்ஸைக் கெடுக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

இணைப்பு முனைகளில் பாசம் பிடித்து மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால், ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஆகவே விளக்கு மங்கினால் பல்பை மட்டும் குறைசொல்லாமல் கம்பிகளையும் பாருங்கள்.

2011 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார் வகைகளில் பகலுக்கென்று தனி விளக்கைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலும் சில வாட்டுகளே எடுக்கும் எல்.இ.டி. விளக்குகள் இதற்குப் பொருத்தப்படுகின்றன. முகப்பு பல்பு இரவுக்கென்று மிச்சமாகிறது.

செய்து பாருங்கள்

இழையுள்ள 2.5 வோல்ட் டார்ச் பல்புகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டரி செல்களைக் கொண்டு முதலில் ஒன்றை மட்டும் எரியுங்கள். பிறகு இரண்டையும் தொடராக இணையுங்கள். ஒளி மங்கிச் சிவப்பாவதைக் காண்பீர்கள். அந்தச் சிவப்பு ஒளியில் புத்தகம் படிக்க முடியாது. ஆனால் அறையின் மறுகோடியிலிருந்து பல்பு தெரியும். பகல் விளக்கு பிறர் கண்ணுக்கு, இரவு விளக்கு ஓட்டுபவர் கண்ணுக்கு என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.