நனைந்த மூட்டைக்கு யார் பொறுப்பு?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரோட்டிலிருந்து சென்னைக்கு ஏற்றிய மஞ்சள் மூட்டை வழியில் நனைந்தால், பூஞ்சணம் பிடித்து விலை போகாது. எனவே, லோடு ஏற்றும்போதே படுதாவைப் பார்ப்பது நம் பொறுப்பு.

கித்தான் தார்ப்பாய் கனமானது, காற்றில் படபடக்காது. ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் இற்றுப்போகும். பிளாஸ்டிக் தார்ப்பாய் இலேசானது; ஆனால் வெயிலில் நாளடைவில் வெடிக்கும், அடிப்பக்கம் வேர்த்து நீர் கோக்கும். எதுவானாலும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு படுதா போட்டால், கேபின் பக்கத்துப் படுதாவின் விளிம்பு பின்படுதாவின் மேல் வர வேண்டும். மாறினால் எதிர்காற்று புகுந்து தூக்கிவிடும். கயிறு அழுந்தும் மூலைகளில் பழைய சாக்கை மடித்து வையுங்கள். நடுவில் பள்ளம் விழாமல் மூட்டை அடுக்கினால் தண்ணீர் தேங்காது.

இவ்வளவுக்கும் பிறகு நனைந்துவிட்டால்? இறக்கும்போதே டெலிவரி ரசீதில் அதை எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, வழக்குத் தொடுக்குமுன், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் லாரி சர்வீஸுக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சு வழக்கில் நிற்காது.