உங்களுக்குத் தெரியுமா? குடித்துவிட்டு ஓட்டினால்...

போலீஸார் நீட்டும் கருவியில் ஊதுகிறீர்கள். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு பாயும். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு அபராதம் 2,000 ரூபாய் வரைதான்! மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பலருக்குத் தெரியாத சங்கதி: சீருடையில் இருக்கும் போலீஸார் பிடிவாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். வழக்கே ஒழிந்தது என்று துள்ள வேண்டாம், விடுவிப்பது காவலிலிருந்து மட்டும்தான்.

அபராதத்தைவிடக் கையைக் கடிப்பது இன்சூரன்ஸ். போதையில் ஓட்டி நொறுக்கிய காருக்கு, பாலிசி நிபந்தனைப்படி, கம்பெனி பணம் தர வேண்டியதில்லை.