ஈரம் பட்டால் ஊதும் நூல்

ஆர்க்டிக் குளிரில் கால் நனைந்தால் விரல்களையே இழக்க நேரிடும். அங்கே இனுயிட் பெண்கள் சீல் தோலில் தைக்கும் ‘காமிக்’ காலணியில் ரப்பர் கிடையாது. தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது தையல்தான். அதற்கு நூல், விலங்கின் தசைநாண்.

கரிபு மானை அறுத்ததும் முதுகெலும்பை ஒட்டி ஓடும் வெள்ளைப் பட்டையை உரித்தெடுப்பார்கள். ‘உலு’ என்ற அரைவட்டக் கத்தியால் ஒட்டியிருக்கும் இறைச்சியைச் சுரண்டி, பட்டையை விரித்துக் காயவைப்பார்கள். காய்ந்து விறைத்த பட்டையிலிருந்து நகத்தாலோ பல்லாலோ இழை இழையாகப் பிரித்து, வாயில் வைத்து ஈரமாக்கினால் நூல் தயார். நனைந்தால் இந்த நூல் ஊதும். ஊசித் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும்.

தைக்கும் விதமும் சாமர்த்தியமானது. ஊசி ஒரு தோலை முழுக்கத் துளைக்கும். அடுத்த தோலின் தடிமனில் பாதிவரைதான் போகும். பிறகு தோலைத் திருப்பி இன்னொரு வரிசை. இரண்டு தோலையும் சேர்த்து ஊடுருவும் துளை ஒன்றுகூட இருக்காது. மெல்லிய தோலின் பாதித் தடிமனில் ஊசியை நிறுத்த அந்தக் கைக்கு அபாரப் பழக்கம் வேண்டும்.

கடலோரத்தில் பெலுகா, நார்வால் திமிங்கிலங்களின் நாணுக்குத்தான் மவுசு. இழை நீளமானது, வலுவானது. தசைநாணை வில்லில் பயன்படுத்திய ஒட்டோமான் துருக்கியருக்கோ நீளம் பொருட்டல்ல. மாட்டின் குதிகால் நாணை உலர்த்தி, அடித்து நாராக்கி, சீவி, பசையில் தோய்த்து வில்லின் முதுகில் ஒட்டினார்கள். வில்லை வளைக்கும்போது இழுபடும் பக்கம் அது. தசையின் இழுவிசையை எலும்புக்குக் கடத்துவதுதானே உயிருள்ள உடலில் நாணின் வேலை! வில்லின் வயிற்றுப் பக்கம், அமுக்கத்தைத் தாங்க எருமைக் கொம்பு.

திமிங்கில நாண் இன்று கடைச்சரக்கல்ல. கடல் பாலூட்டிகளைக் காக்க அமெரிக்கா 1972இல் கொண்டுவந்த சட்டம், அலாஸ்காவின் கடலோரப் பழங்குடியினர் உணவுக்கும் கைவினைக்கும் வேட்டையாட விலக்கு அளிக்கிறது. மற்றவர்களுக்குக் கிடைப்பது ‘செயற்கை நாண்’ என்ற பெயரில் உருளையாக விற்கும் மெழுகு பூசிய செயற்கை இழை. ஆர்க்டிக் தையல்காரர்களில் பலர் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ‘ஃப்ளாஸ்’ நூலையே எடுத்துக்கொண்டார்கள். மலிவு, அறாது, வாயில் வைத்து மெல்ல வேண்டியதும் இல்லை. மேலங்கிக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஊதாது. அதனால்தான் காலணித் தையலுக்கு மட்டும் அசல் நாணைத் தேடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.